சொன்னது எங்கே போய்ச் சேரும்? கவுன்சலிங் சேவைகள், ரகசியம் என்ற ஒரே அளவுகோலில்

கவுன்சலிங் சேவைகளுக்கு இணையத்தில் மதிப்பெண் போடுகிறவர்கள் கட்டணம் கட்டுப்படியாகிறதா, எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், ஆலோசகர் கனிவாகப் பேசினாரா என்ற மூன்றைத்தான் பெரும்பாலும் பார்க்கிறார்கள். மூன்றும் முக்கியம்தான். ஆனால் அந்த அறையில் சொன்னது வெளியே போகுமா என்பதற்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை. கசிந்த பிறகுதான் அது கசியும் இடம் என்றே தெரியவரும். அதனால் இந்த மதிப்பீட்டில் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ரகசியத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். பார்க்கப்போவது பெட்டர்ஹெல்ப் என்ற கட்டணச் செயலி, 14416 என்ற அரசுத் தொலைபேசிச் சேவை, தன்னார்வலர்கள் நடத்தும் உதவி எண்கள், நம் ஊர்த் தனியார் கவுன்சலிங் சென்டர்கள்.

எல்லாருக்கும் ஒரே நாலு கேள்விகள். கேட்கிறவர் யார், அவருக்கு மேலே யார் இருக்கிறார்கள்? நாம் சொன்னதை எங்கே எழுதி வைக்கிறார்? அதை வேறு யாரெல்லாம் பார்க்க முடியும்? எந்தச் சூழ்நிலையில் வெளியே சொல்வார்?

நாலாவது கேள்விக்கு ‘எந்தச் சூழ்நிலையிலும் சொல்ல மாட்டோம், நூறு சதவீதம் ரகசியம்’ என்று பதில் சொல்லும் சேவைக்கு இங்கே மதிப்பெண் குறையும். அப்படி ஒரு வாக்குறுதியைச் சட்டப்படி யாராலும் கொடுக்க முடியாது. முதல் சந்திப்பின் முதல் பத்து நிமிடத்துக்குள், நீங்கள் கதையைத் தொடங்கும் முன்பே, எதையெல்லாம் தன்னால் ரகசியமாக வைத்திருக்க முடியாது என்று சொல்லிவிடுகிறவர்தான் நேர்மையான ஆலோசகர்.

சட்டம் எங்கே விலக்கு கொடுக்கிறது

இந்தியாவில் அடிப்படை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். அதன் 23ஆம் பிரிவு மனநலம், சிகிச்சை, உடல்நலம் பற்றிய தகவல் அனைத்தையும் ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை மனநலப் பாதிப்பு உள்ளவருக்குக் கொடுக்கிறது. சிகிச்சை தரும் அத்தனை பேருக்கும் அதைக் காக்கும் கடமை உண்டு. விலக்குகளும் அதே பிரிவில் இருக்கின்றன: நீங்களே நியமித்த பிரதிநிதி தன் கடமையைச் செய்வதற்குத் தேவையான தகவல், சிகிச்சையில் பங்கேற்கும் மற்ற மருத்துவர்கள், இன்னொருவருக்குத் தீங்கு நேராமல் தடுப்பது, உயிராபத்து, மனநல ஆய்வு வாரியம் அல்லது உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் முதலான அமைப்புகளின் ஆணை, பொதுப் பாதுகாப்பு.

உயிராபத்துக்கான விலக்கில் ஒரு வரம்பு இருக்கிறது. ஆபத்தைத் தடுப்பதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு தகவலைத்தான் சொல்லலாம். பல ஆலோசகர்கள் தவறுவது இங்கேதான். கல்லூரி மாணவி ஒருத்தி தற்கொலை எண்ணத்தோடு இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய அம்மாவை அழைத்து, ‘இன்னைக்கு ராத்திரி அவளைத் தனியா விடாதீங்க, வீட்டுல இருக்கிற மாத்திரையை எல்லாம் எடுத்துப் பூட்டி வைங்க, நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட கூட்டிட்டு வாங்க’ என்று சொல்வது வரம்புக்குள் வரும். அவள் யாரைக் காதலித்தாள், அவன் என்ன சாதி, கடைசியாக என்ன சண்டை என்பதெல்லாம் வரம்புக்கு வெளியே. அம்மா அழுதுகொண்டே கேட்டாலும் வெளியேதான். அந்தத் தகவல் உயிரைக் காப்பாற்றப் போவதில்லை, பல வீடுகளில் ஆபத்தைக் கூட்டவும் செய்யும்.

தற்கொலைக்கு முயன்றதைச் சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம் இன்னும் பரவலாக இருக்கிறது. இதே சட்டத்தின் 115ஆம் பிரிவின்படி, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய 309ஆம் பிரிவுக்கு இணையான பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தத் தற்கொலை முயற்சி செய்வது மட்டுமே அதில் குற்றமாக இருக்கிறது.

சிறுவர்கள் விஷயம் முற்றிலும் வேறு. 18 வயது நிறையாதவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. ஆலோசகரின் விருப்பத்துக்கு இதில் இடமே கிடையாது. 17 வயதுப் பெண்ணும் அவளுடன் படிக்கும் பையனும் விரும்பிப் பழகியது உடலுறவு வரை போயிருந்தால்கூட இந்தச் சட்டம் குறுக்கே வரும். ‘அக்காகிட்ட எதை வேணும்னாலும் சொல்லலாம்மா, நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்’ என்று பேச்சைத் தொடங்கும் கவுன்சலர் அந்தப் பிள்ளைக்குச் செய்வது துரோகம். முதலில் எல்லையைச் சொல்ல வேண்டும். எவ்வளவு சொல்வது என்பதைப் பிள்ளை அதற்குப் பிறகு முடிவு செய்துகொள்ளட்டும்.

நீதிமன்றத்தைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதைச் சாட்சியச் சட்டம் பாதுகாக்கிறது. கவுன்சலரிடம் சொன்னதற்கு அப்படித் தனிப் பாதுகாப்பு இல்லை. ஆணை வந்தால் கோப்பைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதான். விவாகரத்து வழக்குகளில் இது அடிக்கடி வந்து நிற்கும், ஏனென்றால் 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், 14ஆம் பிரிவில், தகராறைத் தீர்க்க உதவும் எந்த அறிக்கையையும் ஆவணத்தையும் ஏற்றுக்கொள்ள நீதிபதிக்கு அதிகாரம் கொடுக்கிறது. இதைத் தம்பதியருக்கான கவுன்சலிங்கில் முதல் நாளே சொல்லாத சென்டர்கள் ஏராளம்.

பெட்டர்ஹெல்ப்

2013இல் தொடங்கி, 2015இல் டெலடாக் நிறுவனத்தின் கைக்குப் போன அமெரிக்கச் சேவை. போன், வீடியோ, எழுத்து அரட்டை மூன்றும் உண்டு. வாரத்துக்கு 60 முதல் 90 டாலர் என்பது, அமெரிக்காவில் நுகர்வோர் நலனைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் இந்த நிறுவனத்தின் மீது கொண்டுவந்த புகாரில் குறிப்பிட்ட கட்டணம். அமெரிக்கா, கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளில் தனியாக இருக்கும் தமிழர்களுக்கு இதன் கவர்ச்சி புரிந்துகொள்ளக்கூடியது: தெரிந்தவர் யாரும் இல்லாத இடம், படுக்கையறையிலிருந்தே பேசலாம், காத்திருப்பு குறைவு. வசதியில் இதற்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். நம் அளவுகோலில் வைத்தால் கதை வேறு.

2023 மார்ச்சில் கமிஷன் வெளியிட்ட புகாரில் இருப்பதை வரிசையாகச் சொல்கிறோம், ஏனென்றால் எங்கே உடைந்தது என்று தெரிந்தால்தான் மற்ற செயலிகளிலும் அதே இடத்தைத் தட்டிப் பார்க்க முடியும். சேரும்போது ஒரு கேள்விப் படிவம் வரும்: மனச்சோர்வு இருக்கிறதா, தற்கொலை எண்ணம் வருகிறதா, ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா, இதற்கு முன் கவுன்சலிங் போயிருக்கிறீர்களா. பதில்கள் உங்களுக்கும் ஆலோசகருக்கும் இடையில்தான் இருக்கும் என்ற உறுதியும் கூடவே காட்டப்பட்டது. ஆனால் பயனாளர்களின் மின்னஞ்சல், ஐபி முகவரி, படிவத்திலிருந்து கிடைத்த சில தகவல்கள் ஆகியவை ஃபேஸ்புக், ஸ்னாப்சாட், பின்டரஸ்ட், க்ரிட்டியோ ஆகிய நிறுவனங்களுக்கு விளம்பர வேலைக்காகப் போயின. 2017இல் அதுவரை சேர்ந்திருந்த கிட்டத்தட்ட 20 லட்சம் பேரின் மின்னஞ்சல் முகவரிகள் மொத்தமாக ஃபேஸ்புக்கில் ஏற்றப்பட்டன.

முகவரிகளை அப்படியே கொடுக்கவில்லை, ஹாஷ் செய்துதான் கொடுத்தார்கள் என்று ஒரு சமாதானம் இதில் உண்டு. அது நிற்காது. ஹாஷ் என்பது ஓர் எழுத்து வரிசையை வேறொரு வரிசையாக மாற்றும் கணக்கு. ஒரே முகவரியை யார் மாற்றினாலும் ஒரே விடைதான் வரும். ஃபேஸ்புக்கிடம் உங்கள் முகவரி ஏற்கெனவே இருக்கிறது. அதுவும் அதே கணக்கைப் போட்டு ஒப்பிட்டால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். வழியில் திருடுகிறவனிடமிருந்து மட்டுமே ஹாஷ் காப்பாற்றும். பெற்றுக்கொள்ளும் நிறுவனத்துக்கு அது திரையே இல்லை. அதோடு, இந்தச் சேவையிலிருந்து ஒரு முகவரி வந்திருக்கிறது என்பதே அந்த ஆள் மனநல உதவி தேடினார் என்ற தகவல்தான். எந்தப் பதிலையும் அனுப்ப வேண்டிய தேவைகூட இல்லை.

புகாரில் எங்களை மிகவும் உறுத்திய விவரம் இன்னொன்று. எந்தத் தகவலை ஃபேஸ்புக்குக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும் பொறுப்பு, அப்போதுதான் கல்லூரி முடித்து வந்த, மார்க்கெட்டிங் அனுபவமே இல்லாத, உடல்நலத் தகவலைக் காப்பதில் போதிய பயிற்சியும் பெறாத ஓர் இளநிலை ஊழியரிடம் இருந்தது. ஆலோசகர்கள் உரிமம் பெற்றவர்கள், தங்கள் தொழில் நெறிப்படி நடந்துகொண்டிருக்கக்கூடும். கசிந்தது அவர்கள் பக்கத்தில் அல்ல, அவர்களை வேலைக்கு வைத்த நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில். செயலி மூலம் கவுன்சலிங் எடுக்கும் எல்லாரும் மனதில் வைக்க வேண்டியது இது: உங்களிடம் பேசுகிறவரின் நெறி ஒன்று, அவரை நடத்தும் நிறுவனத்தின் வியாபாரம் இன்னொன்று.

2023 ஜூலையில் ஆணை இறுதியானது. 78 லட்சம் டாலர் கட்ட வேண்டும். உடல்நலத் தகவலை விளம்பரத்துக்காகப் பகிரக் கூடாது. வாங்கிக்கொண்ட நிறுவனங்களிடம் அழிக்கச் சொல்ல வேண்டும். தொழிலில் எல்லாரும் செய்யும் வழக்கமான விளம்பர முறைதான் இது என்று சொன்ன நிறுவனம், தவறை ஒப்புக்கொள்ளாமல் சமரசத்துக்கு வந்தது. 2017 ஆகஸ்டு முதல் 2020 டிசம்பர் வரை பணம் கட்டிய ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் பணம் திரும்பப் பெறத் தகுதி பெற்றார்கள். வகுத்துப் பார்த்தால் தலைக்குப் பத்து டாலர்கூட வரவில்லை.

எங்கள் தீர்ப்பு: ஆணைக்குப் பிறகு கட்டுப்பாடு இருக்கிறது, ஆகவே தொடவே கூடாது என்று சொல்ல மாட்டோம். ஆனால் இதிலோ இது போன்ற எந்தச் செயலியிலோ சேருவதாக இருந்தால், இதற்காகவே ஒரு புதிய மின்னஞ்சல் முகவரி தொடங்குங்கள், பெயர் வேறாக இருக்கட்டும். ‘கூகுள் மூலம் உள்ளே வருக’, ‘ஃபேஸ்புக் மூலம் உள்ளே வருக’ என்ற பொத்தான்களைத் தொடாதீர்கள். கேள்விப் படிவத்தில் கட்டாயமில்லாத எதையும் நிரப்ப வேண்டாம்; தற்கொலை எண்ணம், மருந்து, பாலியல் பற்றிய விவரங்களை ஆலோசகரிடம் பேசும்போது சொல்லிக்கொள்ளலாம். விளம்பர நிறுவனங்கள் உங்கள் போனை அடையாளம் காணப் பயன்படுத்தும் விளம்பர அடையாள எண்ணை போன் அமைப்புகளில் அழித்துவிட்டு, தொடர்புப் பட்டியலைப் பார்க்கும் அனுமதியை மறுத்துவிடுங்கள்.

எழுத்தில் இருப்பதன் ஆபத்து

எழுத்து அரட்டையில் கவுன்சலிங் எடுப்பதை நாங்கள் கடைசி வழியாகத்தான் சொல்வோம். பேச்சு காற்றோடு போகும். எழுத்து ஏதாவது ஒரு சர்வரில் கிடக்கும். பின்லாந்தில் வாஸ்டாமோ என்ற தனியார் உளச்சிகிச்சை நிறுவனத்துக்கு நடந்தது இதற்குச் சாட்சி. நோயாளிகளின் சந்திப்புக் குறிப்புகள் இருந்த தரவுத்தளம், ஒழுங்கான பாதுகாப்பு இல்லாமல் இணையத்தில் எட்டும்படி இருந்தது. 2020இல், திருடியவன் நிறுவனத்திடம் 40 பிட்காயின் கேட்டான். கிடைக்காதபோது நோயாளிகளுக்கே தனித்தனியாக மின்னஞ்சல் போட்டு, ஒரு நாளைக்குள் 200 யூரோ, தாமதித்தால் 500 யூரோ என்று மிரட்டினான். ஏறத்தாழ 33,000 பேரின் குறிப்புகள் அவன் கையில் இருந்தன. நிறுவனத்துக்கு 6,08,000 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. அது திவாலும் ஆனது. திருடியவனுக்கு 2024 ஏப்ரலில் ஆறு வருடத்துக்கு மேல் சிறைத்தண்டனை கிடைத்தது. வெளியான குறிப்புகளைத் திரும்பப் பிடிக்க எந்தத் தீர்ப்பாலும் முடியவில்லை.

இதிலிருந்து ஒரு கேள்வியை நம் ஊர் சென்டர்களிடமும் கேட்க வேண்டும்: குறிப்புகளில் எவ்வளவு எழுதுகிறீர்கள்? நல்ல குறிப்பு சிறியதாக இருக்கும். தேதி, எவ்வளவு நேரம், பேசிய பொருள் ஒரு வரியில், ஆபத்து இருக்கிறதா இல்லையா, அடுத்து என்ன செய்வது. மாமியார் பெயர், மேலதிகாரி பெயர், காதலன் வேலை செய்யும் கம்பெனி, இவையெல்லாம் குறிப்பில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை, ஓர் எழுத்தாகச் சுருக்கினால் போதும்.

இலவச எண்கள்

14416, டெலி மானஸ். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய மத்திய அரசுத் திட்டம், பெங்களூரில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் தலைமையில் நடக்கிறது. 24 மணி நேரமும் இலவசம், தமிழ் உட்பட 20 மொழிகளில் பேசலாம். தமிழ்நாட்டில் இதே எண் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் இயங்குகிறது. முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கோ மாவட்ட மனநலத் திட்டத்துக்கோ அனுப்புவார்கள். விளம்பர வியாபாரம் இல்லாதது பெரிய பலம். இதற்கு மேலே அரசு இருக்கிறது, மருத்துவ நிறுவனம் இருக்கிறது, ஆகவே எங்கள் முதல் கேள்வியில் மதிப்பெண் எடுத்துவிடுகிறது.

கவனிக்க வேண்டியது உங்கள் பக்கம். வீட்டில் நாலு பேர் எடுத்துப் பேசும் போனிலிருந்து அழைத்தால், அழைப்புப் பட்டியலில் 14416 என்று நிற்கும். பேசி முடித்ததும் அழித்துவிடுங்கள். போஸ்ட்பெய்டு என்றால் பில் விவரத்திலும் வரலாம். அவர்கள் திரும்ப அழைப்பதும் உண்டு, அப்போது அந்தப் போன் யார் கையில் இருக்கும் என்பதை யோசித்து, ‘திரும்பக் கூப்பிட வேண்டாம்’ என்றோ ‘மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல மட்டும் கூப்பிடுங்க, வேற யாராவது எடுத்தா வைச்சிடுங்க’ என்றோ தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கணவர் வன்முறையாளராக இருக்கும் வீடுகளில் இந்த ஒரு வாக்கியம் மிக முக்கியம்.

சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா (044-24640050) வேறு வகை. அங்கே பேசுகிறவர்கள் தன்னார்வலர்கள். சிகிச்சை கொடுப்பவர்கள் அல்ல, குறுக்கே விழாமல் கேட்பதற்குப் பயிற்சி பெற்றவர்கள். இலங்கையில் 1974இல் தொடங்கிய சுமித்ராயோவும் இதே மரபைச் சேர்ந்தது. யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை முதல் முறையாக வாய்விட்டுச் சொல்வதற்கு இவர்களைவிடப் பொருத்தமான இடம் குறைவு. தொடர் சிகிச்சைக்கு இது இடமல்ல, அதை எதிர்பார்த்துப் போகக் கூடாது.

இலவசமும் லாப நோக்கில்லாததும் தன்னளவில் உத்தரவாதம் ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கிரைசிஸ் டெக்ஸ்ட் லைன் லாப நோக்கற்ற சேவைதான். ஆனாலும் அங்கே வந்த உரையாடல்களைப் பெயர் நீக்கி, தன்னிடமிருந்தே கிளைத்த லோரிஸ் என்ற வியாபார நிறுவனத்துக்குக் கொடுத்துவந்தது 2022 ஜனவரியில் வெளியே வந்தது. கண்டனம் எழுந்து சில நாட்களிலேயே அந்த ஏற்பாடு நிறுத்தப்பட்டது. தற்கொலை விளிம்பில் நின்று அனுப்பிய குறுஞ்செய்தி, வாடிக்கையாளர் சேவை மென்பொருளைச் செம்மைப்படுத்தப் பயன்படும் என்று அனுப்பியவர் யாரும் நினைத்திருக்க மாட்டார்.

நம் ஊர்த் தனியார் சென்டர்கள்

தரத்தில் இவ்வளவு ஏற்ற இறக்கம் வேறு எந்தத் துறையிலும் இல்லை. காரணம் எளிது: ‘கவுன்சலர்’ என்று பலகை மாட்டிக்கொள்வதை யாரும் தடுப்பதில்லை. மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சிலில் பதிவு இருக்கும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் சிஆர்ஆர் என்ற பதிவு எண் இருக்க வேண்டும், கேட்டு வாங்கி அந்த கவுன்சிலின் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். உளவியலில் எம்எஸ்சி முடித்தவர்களில் திறமையானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்களிடம் ‘நீங்கள் தவறினால் நான் யாரிடம் போக வேண்டும்?’, ‘உங்கள் சூப்பர்வைசர் யார்?’ என்ற இரண்டு கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள். சூப்பர்வைசர் இருப்பதும், பெயர் மறைத்து அவரோடு உங்கள் பிரச்சினையை விவாதிப்பதும் நல்ல நடைமுறை. அதை முன்கூட்டியே உங்களிடம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். முகம் சுளிப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

பணம் கட்டும் முன்பே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. சென்டருக்குப் போன் போட்டு, ஏதாவது ஒரு பெயரைச் சொல்லி, ‘இவங்க உங்ககிட்ட வர்றாங்களா? இன்னைக்கு அப்பாயின்ட்மென்ட் இருக்கா?’ என்று கேளுங்கள். ‘யார் வர்றாங்க, வரலைன்னு நாங்க சொல்றதில்லைங்க’ என்பதே சரியான பதில். ‘இருங்க, பார்த்துச் சொல்றேன்’ என்று நோட்டைப் புரட்டினால் அந்த இடம் தேறாது. ஆலோசகர் எவ்வளவு நெறியோடு இருந்தாலும், கவுன்சலிங் வருவதே வெளியில் தெரியக் கூடாத ஒருவருக்கு வரவேற்பில் இருப்பவர்தான் முதல் கசிவு. ‘அவ வந்தாளா?’ என்று கேட்கும் கணவர்களும், ‘பையன் என்ன சொன்னான்?’ என்று கேட்கும் அப்பாக்களும் நம் ஊரில் தினசரி நிகழ்வு, வரவேற்பில் இருப்பவருக்குப் பயிற்சி இல்லாவிட்டால் அவர் நல்லெண்ணத்தோடே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்.

நேரில் போகும்போது அறையைப் பாருங்கள். பிளைவுட் தடுப்பு போட்ட அறையில் பேசுவது வெளியே உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கும். தடுப்பு கூரை வரை போகிறதா, கதவுக்கடியில் இடைவெளி இருக்கிறதா, காத்திருக்கும் இடத்தில் ஃபேனோ பாட்டோ ஓடுகிறதா? பெயர் சொல்லிச் சத்தமாக அழைக்கிறார்களா, டோக்கன் எண் இருக்கிறதா? முந்தையவரின் பெயரும் பிரச்சினையும் தெரியும்படி பதிவேடு திறந்து கிடக்கிறதா? நல்ல சென்டர்களில் ஒருவர் வெளியேறி அடுத்தவர் உள்ளே போவதற்கு நடுவே பத்துப் பதினைந்து நிமிடம் விட்டிருப்பார்கள், இருவரும் எதிர்ப்படாமல் இருக்க. சிறிய ஊர்களில் இது அவசியம். ஆலோசகரே உங்கள் உறவு வட்டத்துக்கோ சாதிச் சங்கத்துக்கோ சபைக்கோ உரியவராக இருந்தால் வேறு ஆளிடம் போங்கள். நெறியுள்ளவர் என்றால் அவரே அதைச் சொல்லி வேறொருவரிடம் அனுப்பிவைப்பார்.

வாட்ஸ்அப் செய்திகள் பெரிய ஓட்டை. ‘நாளை 11 மணிக்கு உங்கள் மேரிட்டல் கவுன்சலிங்’ என்ற செய்தி பூட்டிய திரையின் மேலேயே மின்னும். சென்டரின் பெயர், விஷயம் இரண்டும் இல்லாமல் ‘நாளை 11 மணி உறுதியா?’ என்று மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். ஜிபே, போன்பே குறிப்பில் ‘கவுன்சலிங் ஃபீஸ்’ என்று எழுதாதீர்கள், வங்கிக் கணக்கு கூட்டுக் கணக்காக இருந்தால் பெறுபவர் பெயரும் தெரியும், அப்போது ரொக்கம் நல்லது. வீட்டிலிருந்து வீடியோவில் பேசினால் இயர்போன் கட்டாயம். கணவனோ மனைவியோ ரகசியமாகப் பதிவு செய்த தொலைபேசி உரையாடலைத் திருமண வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்பதை ஆலோசகரும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

சந்திப்பைப் பதிவு செய்து செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் போட்டுக் குறிப்பு எடுக்கும் வழக்கம் இப்போது வந்திருக்கிறது. உங்கள் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் செய்யவே கூடாது. ஒப்புதல் கேட்டால், ஒலிப்பதிவு எந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது, எப்போது அழிக்கப்படும் என்று கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் மறுத்துவிடுங்கள்.

ஆலோசகரின் யூடியூப், இன்ஸ்டாகிராம் பக்கத்தையும் பார்த்துவிட்டுப் போங்கள். ‘போன வாரம் ஒரு பொண்ணு வந்தாங்க, ஐடியில வேலை, வேளச்சேரி’ என்று பெயரை மட்டும் விட்டுவிட்டுக் கதை சொல்கிறவர் அடுத்த வாரம் உங்கள் கதையைச் சொல்வார். சம்பந்தப்பட்டவர் கேட்டால் தன்னையே அடையாளம் காணும் அளவுக்கு விவரம் இருந்தால் அது மீறல்தான். கூகுள் ரிவ்யூ விஷயமும் இப்படியே. யாரோ மோசமாக எழுதியதற்கு, ‘நீங்கள் மூன்று முறைதான் வந்தீர்கள், சொன்ன பயிற்சியைச் செய்யவில்லை’ என்று ஆலோசகர் பதில் எழுதியிருந்தால், அவர் தன் பெயரைக் காப்பாற்ற இன்னொருவர் தன்னிடம் வந்ததை ஊருக்கே உறுதி செய்திருக்கிறார். ஐந்து நட்சத்திரம் கேட்டு லிங்க் அனுப்பும் சென்டரும் நெறி தவறுகிறது. சிகிச்சையில் இருப்பவரிடம் பாராட்டுரை கேட்டு வாங்கக் கூடாது என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை தெளிவாகவே சொல்கிறது. சிகிச்சையில் இருப்பவரால் மறுக்க முடியாது என்பதே காரணம். ஆகவே இந்தத் துறையில் ரிவ்யூ இல்லாத ஆலோசகரை அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள்.

ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும், ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் தேவையில்லை. மேலே சொன்ன விலக்குகள், குறிப்புகள் இருக்கும் இடம், எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள், கட்டணம், ரத்து செய்தால் என்ன, அவசரத்துக்கு யாரை அழைக்கலாம் என்று நீங்கள் எழுதித் தரும் ஒரு பெயர், ஆலோசகருக்கே ஏதாவது ஆகிவிட்டால் கோப்பு யாரிடம் போகும் என்பது வரை அதில் வர வேண்டும். தம்பதியர் என்றால் இன்னொரு வரி கட்டாயம்: ஒருவர் தனியாகச் சொன்னதை மற்றவரிடம் ஆலோசகர் மறைப்பாரா மாட்டாரா? இரண்டு முறையும் உலகில் உண்டு. எது என்று முன்னமே தெரியாமல் தனிச் சந்திப்பில் ஒரு தொடுப்பைப் பற்றிச் சொல்லிவிட்டுப் பிறகு வருந்துவதில் பயனில்லை.

பள்ளியிலும் அலுவலகத்திலும் இலவசமாகக் கிடைக்கும் கவுன்சலருக்குச் சம்பளம் கொடுப்பது வேறொருவர். பள்ளியில் தலைமையாசிரியருக்கு என்ன சொல்வீர்கள் என்றும், கம்பெனியில் எச்ஆருக்குப் போவது மொத்த எண்ணிக்கை மட்டும்தானா, பெயரும் போகுமா என்றும் கேளுங்கள். எழுத்தில் பதில் வராவிட்டால் அங்கே வேலை அழுத்தத்தைத் தாண்டி எதையும் பேச வேண்டாம். காப்பீட்டில் பணம் கோரினால் நோயின் பெயர் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும், கம்பெனி எடுத்துக் கொடுத்த பாலிசி என்றால் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

முடித்துக்கொள்ளும்போது

கடைசிச் சந்திப்பில் கோப்பைப் பற்றிப் பேசாமல் வராதீர்கள். டாக்டர்களுக்கு உள்நோயாளிகளின் பதிவேட்டை மூன்று ஆண்டு வைத்திருக்கும் கடமையும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கும் கடமையும் 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிகளில் இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவும் உங்கள் அடிப்படை மருத்துவப் பதிவைப் பார்க்கும் உரிமையைத் தருகிறது. மற்ற ஆலோசகர்களுக்கு, பெரியவர் என்றால் ஏழு ஆண்டு, சிறுவர் என்றால் 18 வயது நிறைந்து மூன்று ஆண்டு என்ற அமெரிக்க உளவியல் சங்கத்தின் பரிந்துரையை ஒரு அளவாக வைத்துக் கேட்கலாம். வாட்ஸ்அப் உரையாடல், ஒலிப்பதிவு, நீங்கள் அனுப்பிய படங்கள் ஆகியவை கோப்பில் சேராதவை, அவற்றை அன்றே அழிக்கச் சொல்லி உங்கள் கண்ணெதிரே அழித்ததைப் பாருங்கள்.

ரகசியம் உடைந்துவிட்டால் புகார் போக வேண்டிய இடம் ஆளைப் பொறுத்தது. மனநல மருத்துவர் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் மறுவாழ்வு கவுன்சில், மனநல மருத்துவமனை என்றால் மனநல ஆய்வு வாரியம். எந்தப் பதிவும் இல்லாத ஆலோசகர் என்றால், கட்டணம் வாங்கியிருக்கிறார் என்ற அடிப்படையில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே ரசீதும் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நகலும் வேண்டும். படிவத்தில் கையெழுத்துப் போடும் அன்றே ஒரு நகலைக் கேட்டு வாங்கி, வீட்டில் மற்றவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.